கடைசி ஆறு ரிவிட்

என் கணவர் ஒரு நாள் காலை கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதை வாங்கலாம்னு இருக்கேன்" என்றார். புது கார் வாங்குவதைப் பற்றி ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். கார்தான் என்று நினைத்துக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். படத்தில் இருந்தது ஒரு பழைய ராணுவ டிரக். வேப்பம்பட்டு ஊரைத் தாண்டி ஏதோ ஒரு செங்கல் சூளையின் ஓரத்தில், சீமைக்கருவேலம் புதருக்குள் பாதி புதைந்து நின்றது. முன்கண்ணாடி இல்லை, ஒரு பக்கக் கதவும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"அழகா இருக்குல்ல?" என்றார்.

இருபத்திரண்டு வருடத் திருமண வாழ்க்கையில் அவர் எதையும் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அம்பத்தூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினியில் வரைபடம் போடுபவர். நாள் முழுக்கத் திரையில் இரும்பை வளைப்பார். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடுவார். நானும் அதே அம்பத்தூரில்தான் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. இருவரும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வெள்ளானூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வருடமாக இருக்கிறோம். அங்கே ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்கே மாதம் ஒரு சண்டை நடக்கும். இதில் ராணுவ டிரக்காம்.

ஆனாலும் வாங்கிவிட்டார். ஆவடியில் அவருக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கின் கொட்டகைக்கு, இன்னொரு லாரியின் முதுகில் ஏறி அது வந்து சேர்ந்தது. மெக்கானிக் கெட்டிக்காரர். ஆறு வாரத்தில் என்ஜினை இருமவைத்து, எட்டாவது வாரத்தில் ஒழுங்காக மூச்சுவிட வைத்துவிட்டார். சிக்கல் அடியில் இருந்தது.

அந்தக் காலத்து டிரக்கின் அடிச்சட்டம் ஏணியைப் படுக்கப் போட்டதுபோல இருக்கும். இரண்டு நீளச் சட்டங்கள், நடுவில் படிபோல ஐந்து குறுக்குச் சட்டங்கள். அவற்றை இணைப்பது ரிவிட். குட்டையான இரும்புத் தண்டை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, துளையில் விட்டு, வெளியே நீட்டும் முனையை அது ஆறுவதற்குள் அடித்துத் தலையாக்கிவிடுவார்கள். ஆறும்போது தண்டு சுருங்கி இரண்டு இரும்பையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். சூளையில் இருந்தபோது, ரிவிட் தளர்ந்த இடத்தில் எல்லாம் யாரோ போல்ட்டைப் போட்டிருந்தார்கள். சில இடங்களில் வெல்டிங் வைத்திருந்தார்கள். வெல்டிங் வைத்த இடத்தின் ஓரத்தில் தலைமுடி போல விரிசல் ஓடியிருந்தது.

"புது சட்டம் போட்டு போல்ட்ட முடுக்கிட்டா போதும் சார். எவன் அடியில பூந்து பாக்கப் போறான்?" என்றார் மெக்கானிக்.

"அது பிறந்தப்ப ரிவிட்தானே? அப்ப ரிவிட்தான்" என்றார் என் கணவர். குழாய்க்காரரிடம்கூடக் குரல் உயர்த்தாத மனிதர். அவருக்கு இப்படி ஒரு பிடிவாதம் இருப்பது எனக்கே புதிதாக இருந்தது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "முத்தாபுதுப்பேட்டைல ஒரு புருசன் பொண்டாட்டி கீறாங்க சார். கிரில் கேட்டு செய்றவங்க. ரெண்டு பேருக்கும் சூடா ரிவிட் அடிக்கத் தெரியும். போய்க் கேட்டுப் பாரு."

அப்படித்தான் அக்காவைச் சந்தித்தோம். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்; இங்கேயும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன். அவர் கணவரைத் தெருவே மேஸ்திரி என்றது. மேஸ்திரிக்கு அறுபதை நெருங்கும் வயது, அக்காவுக்கு என்னைவிட ஆறேழு வயது கூடுதல். சாலையோரம் தகரக் கூரை போட்ட பட்டறை. வாசலில் பாதி முடிந்த கேட்டுகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன.

என் கணவர் மேஸ்திரியிடம் போய் டிரக்கின் வரலாற்றை முதலிலிருந்து ஆரம்பித்தார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். ஐந்து நிமிடம் கழித்து உள்ளேயிருந்து அக்கா வந்து, "சார், அவருக்குக் காது கேக்காது. சம்மட்டி அடிச்சி அடிச்சிப் போச்சு. எங்கிட்ட சொல்லு" என்றார். கைபேசியை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். பார்த்து முடிக்கும்வரை எங்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"செய்லாம். ஆனா அடிச்சட்டத்த இங்க இட்டாந்துடணும். அங்க இங்க ஓடிகினு நான் அடுப்பு போட மாட்டேன்" என்றார். பிறகு மேஸ்திரியின் முகத்துக்கு நேரே போய் நின்று, கைகளால் ஏணிபோலக் காட்டி, "ரிவிட்டு வேல!" என்று கத்தினார். மேஸ்திரியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கேட்டு வேலை எல்லாம் கஞ்சி, இது கல்யாண சாப்பாடு என்பதுபோல எழுந்து நின்றுவிட்டார்.

அக்காவின் அம்மாவும் அப்பாவும் இந்தப் பக்கத்து ஏரிப் பாசன வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அக்கா பதினேழு வயதில் அம்பத்தூரில் பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு பட்டறைக்குச் சாம்பல் அள்ளப் போனார். அங்கே ரிவிட் காய்ச்சிக் கொடுப்பவர் ஒரு நாள் வரவில்லை. அடிப்பவர்கள் எல்லாம் கை கட்டி நின்றார்கள். அக்கா இடுக்கியை எடுத்து நெருப்பில் விட்டார்.

"பயமா இல்லையாக்கா?"

"இன்னா பயம்? டெய்லி பாத்துகினேதான இருந்தேன். அள்றவ கண்ணு அடுப்புலதான் இருக்கும். இவுரு அப்ப அங்க அடிக்கிற ஆளு. நான் ரிவிட் குடுத்தேன், இவுரு அடிச்சாரு. அப்பால சோறும் நானே குடுக்கற மாதிரி ஆயிப்போச்சு."

இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். மேஸ்திரிக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்து அவரும் சிரித்தார்.

வேலைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் காய்ச்சிக் கொடுப்பவர். ஒருவர் அடிப்பவர். மூன்றாமவர், ரிவிட்டின் மறுபக்கத் தலையில் கனமான ஓர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்துப் பிடிப்பவர். அந்தக் கட்டைக்கு டாலி என்று பெயர். அதைப் பிடிக்க அக்காவின் தம்பி வருவதாக ஏற்பாடு. அவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் மாறிவிட்டது. என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். அவருக்கு முதுகெலும்பில் டிஸ்க் விலகி, குனிந்து செருப்பு மாட்டவே மருத்துவர் தடை போட்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யம்மா, நீ வா. தோள் நல்லாத்தான் கீது உனுக்கு."

இப்படித்தான் நாற்பத்தாறு வயதில், சனிக்கிழமைகளில், பழைய சுடிதாரும் தடித்த கையுறையும் காதில் பஞ்சுமாக நான் ஒரு ராணுவ டிரக்கின் அடிச்சட்டத்துக்குள் உட்கார ஆரம்பித்தேன்.

முதல் ரிவிட் எனக்கு மறக்காது. அக்கா சின்ன உலைக்கு முன் முக்காலியில் குந்தியிருந்தார். மின்சார ஊதுகருவி காற்றை அனுப்ப, கரி சீறியது. ரிவிட்டுகள் வரிசையாகக் கரிக்குள் நட்டிருந்தன. அக்கா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று இடுக்கி உள்ளே போய் ஒன்றைப் பிடுங்கியது. கல்லில் ஒரு தட்டு, கருகல் உதிர்ந்தது. மூன்று எட்டு வைத்து, துளையில் விட்டார். "அமுக்கு!" என்றார். நான் டாலியைத் தலையில் வைத்துத் தோளால் அழுத்தினேன். மறுபக்கம் மேஸ்திரியின் சம்மட்டி இறங்கியது. முதல் அடி என் பல் வரைக்கும் வந்தது. நாலாவது அடியில் டாலி நழுவிவிட்டது.

"போச்சு. வெட்டு" என்றார் அக்கா, சாதாரணமாக. திட்டவில்லை. வெட்டி எடுத்துவிட்டு இன்னொன்றைக் காய்ச்சினார்.

மூன்றாவது சனிக்கிழமைக்குள் எனக்குப் பிடி வந்துவிட்டது. ரிவிட் சரியான சூட்டில் இருந்தால் முதல் இரண்டு அடி பிசைந்த மாவில் விழுவதுபோல மென்மையாகத் தோளுக்கு வரும். பிறகுதான் இறுகும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தோளே தெரிந்துகொண்டது.

அக்காவிடம் சூட்டை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று கேட்டேன். "கலருதான். கேரட் கலருன்னா பத்தாது. எலுமிச்சங்கா மாதிரி வெளுத்துச்சுன்னா எரிஞ்சி பூப்பூவா கொட்டிடும், அத்த தூக்கிப் போட்டுடணும். நல்லா பய்த்த பப்பாளி இருக்குதுல்ல, அறுத்தா உள்ள ஒரு கலரு வரும். அதான்." ஒரே நேரத்தில் உலையில் எட்டு ரிவிட் இருக்கும். எட்டும் எட்டு நிலையில் இருக்கும். அதில் எது பப்பாளி, எது இன்னும் இரண்டு மூச்சில் பப்பாளி ஆகும் என்பது அந்தக் கண்ணுக்குத் தெரியும். நான் அலுவலகத்தில் இரண்டு திரையை வைத்துக்கொண்டு திணறுகிறவள். வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரியும் லேசான ஆள் இல்லை. அடித்து முடித்ததும் ரிவிட்டின் ஒரு பக்கத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைச் சின்னச் சுத்தியால் தட்டுவார். தளர்வு இருந்தால் விரலில் அதிர்வு தெரியுமாம். காது போனவருக்கு விரலில் காது முளைத்திருந்தது. அவர் கட்டைவிரலை உயர்த்தினால்தான் அக்கா அடுத்த ரிவிட்டை எடுப்பார்.

மூன்றாவது குறுக்குச் சட்டம் மாட்டிய சனிக்கிழமைக்கு முந்தைய நாள் நல்ல மழை. கரி ஈரம் வாங்கியிருந்தது. இருந்தாலும் மதியம்வரை வேலை ஓடியது. கடைசி ஆறு ரிவிட் இருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. அக்கா மூலையில் கிடந்த கைச்சக்கர ஊதுகருவியை இழுத்துவந்து, ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் இடுக்கியைப் பிடித்தார். என் கணவர் சக்கரத்தைச் சுற்ற முன்வந்தார். அவர் சுற்றிய வேகத்தில் சாம்பல்தான் பறந்தது. "நீ வுடு சார்" என்று அக்கா வாங்கிக்கொண்டார். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் வந்து மீதியை முடிக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. பெயிண்ட் அடிப்பவர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். என் கணவர் அதை அன்று மூன்று தடவை நினைவுபடுத்தியிருந்தார்.

அந்த ஆறில் சிலவற்றை அடிக்கும்போது என் தோளில் மாவு தெரியவில்லை. முதல் அடியே கல்லாக வந்தது. எனக்கு அது தெரிந்தது. களைப்பாக இருக்கும், தோள் மரத்துப்போயிருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். மேஸ்திரி விரல் வைத்துத் தட்டிப் பார்த்தார், கட்டைவிரலை உயர்த்தினார். அக்கா உலையைக் கலைத்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பாமல் கை கழுவப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மற்ற நான்கு குறுக்குச் சட்டங்கள் ஏற்கெனவே முடிந்தவை. சட்டத்துக்குச் சிவப்பு அடிப்பூச்சு, அதன்மேல் கறுப்பு. மெக்கானிக் ஆட்களோடு வந்து என்ஜினையும் சக்கரங்களையும் ஏற்றினார். பின்தொட்டியைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி வைத்து மாட்டினார்கள். பச்சை வண்ணத்தில் அது நின்ற நிற்பைப் பார்த்து, எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்தச் சண்டை போடுகிறவர்களே பட்டறைக்கு வந்து படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வெளிவட்டச் சாலை ஓரமாக முதல் ஓட்டம் என்று முடிவானது. என் கணவர் அலுவலக நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார். பின்னால் பெஞ்சு போட்டு எல்லோரையும் ஏற்றிக்கொள்வதாகத் திட்டம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் துடைப்பதற்குத் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனோம். மேஸ்திரி பின்னால் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். அக்கா டிரக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் சரியில்லை.

"சார், நாளிக்கு வண்டிய எடுக்காத" என்றார்.

"ஏன்க்கா? என்ன ஆச்சு?"

"மூணாவது குறுக்குல கடைசி ஆறு ரிவிட் சரியில்ல."

என் கணவர் சிரித்தார். "தட்டிப் பார்த்தாச்சேக்கா. மேஸ்திரியே சரின்னுட்டாரே."

"தட்னா நல்லாத்தான் கேக்கும். தல ஒக்காந்துகிச்சு. உள்ள ஓட்ட ரொம்பியிருக்காது. ஓட ஓட ஆட்டம் குடுக்கும். கரண்ட்டு போச்சுல்ல அன்னிக்கு? காத்து பத்தல. கேரட்டு கலர்லயே எடுத்துக் குடுத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சேதான் குடுத்தேன் சார்" என்றார்.

அதற்குள் மேஸ்திரி தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்து, "இன்னா? இன்னாத்துக்கு சாரு மொகம் அப்டி கீது?" என்றார்.

அக்கா தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மேஸ்திரி காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "சத்தமா சொல்லு."

அக்கா தெருவைப் பார்த்தார். எதிரே டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, வயிற்றிலிருந்து கத்தினார்.

"கடைசி ஆறு ரிவிட்டும் சூடு பத்தாம குடுத்துட்டேன்யா! தெரிஞ்சே குடுத்தேன்! மய வருதுன்னு முடிச்சா போதும்னு குடுத்துட்டேன்!"

டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடியிலிருந்த பெண் கையில் ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். நான் எத்தனையோ கூட்டங்களில் தவறு எப்படி நடந்தது என்று பேசக் கேட்டிருக்கிறேன். "நடந்துவிட்டது" என்பார்கள், "விடுபட்டுவிட்டது" என்பார்கள். நான் செய்தேன் என்று ஒருவர் தெருவே கேட்கச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

மேஸ்திரி தலை துவட்டிய துண்டைக் கையில் சுருட்டினார். "எங்கிட்ட சொல்லல நீ" என்றார்.

"சொல்லல."

"எத்தினி நாளா?"

அக்கா விரல்களைக் காட்டினார். இரண்டு கையும் போதவில்லை.

"அப்ப நான் அடிச்ச அடிக்கு இன்னா மரியாத?" என்றார் மேஸ்திரி. துண்டை உதறிக் கயிற்றில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் கணவர் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். "விடுங்கக்கா. என்ன பாரமா ஏத்தப் போறோம்? ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டுற வண்டி. அடியில யாரு பார்க்கப் போறா?"

மெக்கானிக் சொன்ன அதே வார்த்தை இவர் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகு அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாளிக்கு மேல பெஞ்சு போட்டுக் குழந்த குட்டிங்கள ஏத்தப் போற. ரோடு எப்டி கீதுன்னு உனுக்கே தெரியும்" என்றார் அக்கா. "வேணாம் சார். நான் அறுத்துட்டுப் போட்டுத் தரேன்."

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "அக்கா, எனக்கும் தெரிஞ்சுது. அன்னைக்கு அடி வேற மாதிரி வந்துச்சு. நானும் சொல்லல."

அக்கா என் பக்கம் திரும்பினார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப இன்னாத்துக்கும்மா வாய மூடிகினு இருந்த?" என்று சீறினார். "நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அன்னிக்கே அறுத்திருப்பேன்ல!" சொல்லிவிட்டு ஒரு கணம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கண்ணில் தண்ணீரோடுதான்.

மேஸ்திரி டிரில்லை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அக்காவைப் பார்க்கவில்லை.

பின்தொட்டியைக் கழற்றாமல் அந்த இடத்தை எட்ட முடியாது. சங்கிலிக் கப்பியை மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. டீக்கடையிலிருந்து நாலு பேர் அவர்களாகவே வந்து கை கொடுத்தார்கள். "யக்கா, இன்னா சவுண்டு வுட்ட!" என்று ஒருவர் கேலி செய்தார். அக்கா, "புடிடா ஒயுங்கா" என்றார். என் கணவர் காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நண்பர்களுக்கு ஒவ்வொருவராகப் பேசினார். முதல் நாலைந்து பேரிடம் சின்ன வேலை பாக்கி என்றார். பிறகு, "ரிவிட் சரியா விழல. செஞ்சவங்களே சொல்லி நிறுத்திட்டாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

புதுக் கறுப்புப் பூச்சு உரிய, மேஸ்திரி முதல் ரிவிட்டின் தலையைத் துளைத்து, இரும்பு முளையை வைத்து அடித்தார். வரவே இல்லை. ஓங்கி அடித்து அடித்துத்தான் வெளியே வந்தது. தண்டு துளையை நிறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. என் கணவர் என்னைப் பார்த்தார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதன் தலை போனதும் மேஸ்திரி லேசாக இரண்டு தட்டுத்தான் தட்டினார். அது வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். தண்டு மெலிந்து, அடிபட்ட அடையாளமே இல்லாமல், உலையில் பிடித்த கருகலோடு இருந்தது. நாலாவதும் வழுக்கியது. ஐந்தாவது கெட்டி. ஆறாவது, தட்டும் முன்பே ஆடியது.

ஆறில் மூன்று. மேஸ்திரி அந்த மூன்றையும் என் கணவர் கையில் வைத்தார். என் கணவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அக்கா, நான் சொன்னேனே என்ற முகம்கூடக் காட்டவில்லை. நல்ல ரிவிட் மூன்றை வீணாக அறுத்துவிட்டோமே என்றுதான் ஒரு தடவை முணுமுணுத்தார்.

மறுநாள் ஞாயிறு, எல்லோரும் வெளிவட்டச் சாலையில் போயிருக்க வேண்டிய நேரத்தில், நாங்கள் உலை மூட்டினோம். நல்ல வெயில். அக்கா கரியை முதல் நாளே தகரத்தில் பரப்பிக் காயப்போட்டிருந்தார். மேஸ்திரி அவரிடம் பேசவில்லை. சொல்ல வேண்டியதை என்னிடம் சொன்னார். "யம்மா, அவகிட்ட சொல்லு, ஓட்ட ரெடி." நான் இரண்டடி தள்ளி நின்ற அக்காவிடம் சொன்னேன். "கேட்டுச்சு, எனுக்கு ஒன்னும் காது போவல" என்றார் அக்கா.

ஆனால் ரிவிட் நெருப்பைவிட்டு வந்த பிறகு அந்தச் சண்டைக்கு அங்கே இடமில்லை. அக்காவின் இடுக்கி விலகும் அதே நொடியில் மேஸ்திரியின் சம்மட்டி இறங்கியது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமலே அது நடந்தது. என் தோளில் மாவு, மாவு, பிறகு இறுக்கம். அக்கா ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிய பிறகுதான் அடுத்ததற்குப் போனார். அந்த ஆறு முறையும் நான் எவ்வளவு கவனமாகத் தலையாட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆறாவது முடிந்ததும் மேஸ்திரி விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்தவில்லை. அக்காவைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். முந்தின நாள் காலையிலிருந்து அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

"நல்லா கீது" என்றார் அக்கா.

"சத்தமா சொல்லு."

"நல்லா கீதுய்யா!" என்று அக்கா கத்தினார். டீக்கடையில் யாரோ விசிலடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஓட்டம் நடந்தது. கூப்பிட்டவர்களில் பாதிப் பேர்தான் வந்தார்கள்; ஒருவர் கிரிக்கெட் இருக்கிறது என்றார், இன்னொருவர் ஊருக்குப் போயிருந்தார். மெக்கானிக் ஓட்ட, என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தார், முதல் தடவை பேருந்தில் ஏறிய பையனைப்போல. மேஸ்திரியும் அக்காவும் நானும் பின்னால் பெஞ்சில். அக்கா அன்று மல்லிகை வைத்துக்கொண்டு, புதுப் புடவை கட்டியிருந்தார். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது எல்லோரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டோம். மேஸ்திரி மட்டும் இரண்டு கையையும் விட்டுவிட்டு, உள்ளங்காலைத் தரையில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வண்டி சமனானதும் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

இதற்கெல்லாம் பிறகு நான் அலுவலகத்தில் ஏதோ வீராங்கனையாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே ஒரு பழைய பிழையை, அவசரம் என்று மேலே கேட்டுக்கொண்டதால், பிறகு பார்க்கலாம் என்ற பட்டியலில் தள்ளினேன். தள்ளும்போது ஒரு நிமிடம் கை நின்றது, அவ்வளவுதான். அக்கா பதினான்கு நாள் எடுத்துக்கொண்டார். எனக்கு எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒருவரைத் தெரியும் என்பதும், நெருப்பும் சம்மட்டியும் வேலை செய்யும்போது நடுவில் முட்டுக் கொடுக்க அவர் என்னை நம்பினார் என்பதும் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, கூட்டத்தில் இருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. வெளியே வந்து எடுத்தேன். பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது.

"யம்மா, பூந்தமல்லி பக்கம் ஒரு பய்ய தண்ணித் தொட்டி வந்து கீது. அடி பூரா ரிவிட்டு. என் தம்பி வரேன்றான், ஆனா அவன் தோள் சொல்ல மாட்டேங்குது. சனிக்கிழம உனுக்கு லீவா?"

அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு வேலை நாள். லீவுதான் என்றேன். உள்ளே திரும்பிப் போய், என் மேலாளரிடம் அன்று வர முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். "ஒரு தொட்டிக்கு ரிவிட் அடிக்கப் போறேன்" என்றேன். அவர் நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சனிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.